லாஸ்ட் மூன்றாவது சீசன்: வானத்திலிருந்து விழுந்த நவோமியை அனுப்பியது யார்?

தகடூரான் (இழையைத் தொடங்கியவர்)

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி கூட்டத்துல லாஸ்ட் (விமான விபத்துல பிழைச்சு ஒரு மர்மத் தீவுல மாட்டிக்கிட்டவங்களைப் பத்தின அமெரிக்கத் தொடர்) பார்க்கிற எல்லாரும் இந்த வாரத்தோட மூன்றாவது சீசன் 17, 18 அத்தியாயங்களை முடிச்சிருப்பீங்க. பாராசூட்ல தீவுல வந்து இறங்கின நவோமிக்குத் தனி இழை வேணும்னு பாதிப் பேர் கேட்டதால இதைத் தொடங்குறேன். முழுத் தொடரையும் முன்னாடியே பார்த்தவங்க தயவுசெய்து பொறுமையா இருங்க. பதினெட்டாவது அத்தியாயத்துக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். நவோமியை அனுப்பினது, தீவுல இருக்கிற டெஸ்மண்டோட காதலி பென்னிதான்.

இரண்டாவது சீசன் கடைசிக் காட்சியை ஞாபகப்படுத்திக்கோங்க. பனி கொட்டுற ஒரு இடம். ரெண்டு பேர் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. தீவுல அந்த மின்காந்தம் வெடிச்சதும் அவங்க கருவி சத்தம் போடுது. உடனே பென்னிக்குப் போன் போட்டு, கண்டுபிடிச்சுட்டோம்னு நினைக்கிறோம்னு சொல்றாங்க. அந்த ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டது போர்த்துகீசியம். இப்ப நவோமியோட பையில என்ன இருந்துச்சு? போர்த்துகீசிய மொழில ஒரு நாவல். அதுக்குள்ள டெஸ்மண்டும் பென்னியும் சேர்ந்து எடுத்த போட்டோ. ஹெல்மெட்டைக் கழட்டினதும் அவ வாயில வந்த முதல் வார்த்தை "டெஸ்மண்ட்". இதைவிட நேரா ஒரு தடயத்தை எந்தத் தொடரும் வைக்க முடியாது.

நைட்ஷிப்ட்_ஓசூர்

அண்ணா, நேரா இருக்குன்னுதான் எனக்குச் சந்தேகமே வருது.

இந்தத் தீவுல புதுசா வந்து நின்னவங்க கணக்கைப் பாருங்க. ஈத்தன் வந்தான், விமானத்துல வந்தவன்னு சொன்னான், பயணிகள் பட்டியல்ல பேரே இல்ல. அடுத்து பலூன்ல வந்தேன்னு ஒருத்தன், பேர் ஹென்றி கேல்னு சொன்னான். நிஜ ஹென்றி கேல் மண்ணுக்கடியில கிடந்தார், வந்தவன் தீவுல முன்னாடியே இருக்கிற கூட்டத்தோட தலைவன் பென். இப்ப அந்தக் கூட்டத்து டாக்டர் ஜூலியட் நம்மாளுங்க கூடாரத்துல உட்கார்ந்துக்கிட்டு பென்னுக்குத் தகவல் அனுப்பிட்டு இருக்கா. வந்தவங்க ஒருத்தர்கூட உண்மையைச் சொல்லல. நவோமி மட்டும் எப்படிச் சொல்வா?

பென் கூட்டத்து மிகைலை வேற கவனிச்சீங்களா? ஒலிவேலில (ஒலியால ஆளைக் கொல்ற வேலி) மாட்டி ரத்தம் கக்கிச் செத்துப்போனவன் முழுசா ஓடி வர்றான், அதுவும் அவ அடிபட்டுக் கிடக்கிற அந்த நேரத்துக்குச் சரியா. அவ போர்த்துகீசியத்துல "நான் தனியா இல்ல"ன்னு சொல்றா. அவன் அதை மாத்தி, நன்றி சொல்றான்னு டெஸ்மண்ட் கிட்ட சொல்றான். ரெண்டு பேரும் பென் ஆளுங்க, இது நாடகம்னு நான் அடிச்சுச் சொல்றேன்.

தகடூரான்

//ரெண்டு பேரும் பென் ஆளுங்க//

தம்பி, அவ பென் ஆளா இருந்தா அவ சொன்னதை மிகைல் எதுக்கு மறைக்கணும்? அவ சொன்னது அவனுக்கே புதுச் செய்தி. அதனாலதான் மறைக்கிறான். அப்புறம், ஹெலிகாப்டர் கடல்ல விழுந்ததை நாலு பேர் கண்ணால பார்த்தாங்க. பென் ஆளுங்ககிட்ட ஹெலிகாப்டர் இருக்கிற மாதிரி இதுவரைக்கும் ஒரு காட்சிகூட இல்ல. மிகைல் சரியான நேரத்துக்கு வந்ததுல மர்மமும் இல்ல. விபத்துல பிழைச்ச ஹர்லி கை தவறிச் சுட்ட சிக்னல் துப்பாக்கி வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வந்தான்.

நர்சக்கா_தர்மபுரி

நான் கதைக்குள்ள ரொம்பப் போகல. மிகைல் நவோமிக்குப் பண்ணின அந்த வைத்தியக் காட்சியைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுலயும் ஒரு தடயம் இருக்கு.

கிளை குத்தி நுரையீரல் கிழிஞ்சா காத்து நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள்ள தேங்கும். தேங்கத் தேங்க நுரையீரல் சுருங்கும், இதயத்தையும் ஒரு பக்கமாத் தள்ளும். நிமிஷக் கணக்குல உயிர் போயிடும். அப்ப ஊசியைக் குத்தி அந்தக் காத்தை வெளியே விடறது நிஜமான சிகிச்சைதான். காலர் எலும்புக்கு நடுவுல இருந்து நேரா கீழே வந்து, ரெண்டாவது விலா எலும்புக்கும் மூணாவதுக்கும் நடுவுல குத்துறது வழக்கம். எங்க அவசரப் பிரிவுல விபத்துக் கேஸ் வந்தா டாக்டர்கள் செய்றதைப் பார்த்திருக்கேன். சேலம் பெங்களூர் நாலு வழிச் சாலை பக்கத்துல இருக்கிற ஊருக்கு இது புதுசு இல்ல.

ஆனா அதோட முடியாது. அது நேரம் வாங்கித் தர்ற வேலை மட்டும்தான். அடுத்து நெஞ்சுல குழாய் வைக்கணும், நாள் கணக்குல படுக்கையில இருக்கணும். இவளுக்கு ஒண்ணுமே இல்ல. சீக்கிரம் எழுந்துடுவான்னு மிகைலே சொல்றான். சக்கர நாற்காலியில இருந்த லாக்கோட கால் நடந்துச்சு, ரோஸ் தன்னோட புற்றுநோய் போயிடுச்சுன்னு நம்புறாங்க. இப்ப இவளையும் தீவு குணப்படுத்துது. தீவு யாரைக் குணப்படுத்தும், யாரை விட்டுடும்ங்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்குன்னா, நவோமி இங்க செய்ய வேண்டிய வேலை ஏதோ பாக்கி இருக்கு. யார் அனுப்பினாங்கங்கிறதைவிட எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

சனத்குமாரநதி

அக்கா சொன்னது அருமை. ஒலிவேலில செத்த மிகைல் எழுந்து வந்ததும் அதே கணக்குல வருமோ?

என் தியரி வேற. விழுந்து வந்தது முதல்ல பென்னிதான். டெஸ்மண்டுக்கு எதிர்காலத்தைப் பத்தி வர்ற காட்சித் துண்டுகள்ல, கூட இருக்கிற சார்லி கழுத்துல அம்பு பாய்ஞ்சு சாகணும். அந்த வரிசை அப்படியே நடந்தாத்தான் பென்னி வருவான்னு அவன் நம்புறான். அதனாலதான் சார்லி கிட்ட சொல்லாம கூட்டிட்டுப் போறான். கடைசி நொடியில மனசு கேட்காம "குனி"ன்னு கத்திட்டான். வரிசை மாறிடுச்சு, ஆள் மாறிட்டா. பென்னி வர வேண்டிய இடத்துல நவோமி.

அந்த அத்தியாயம் முழுக்க ஆபிரகாம் மகனைப் பலிகொடுக்கப் போன கதை ஓடுது. டெஸ்மண்ட் முன்னாடி இருந்த மடத்து ஒயினுக்கு அந்த மலையோட பேரான மோரியாவைத்தான் வெச்சிருக்காங்க. பலி கொடுக்கலன்னா பலன் இல்லன்னு தொடர் சொல்லுது.

கேஆர்பி_டேம்

தம்பி, இந்தத் தியரிதான் எல்லாத்துலயும் மனசுக்குப் பிடிச்சது. ஆனா நிக்காது. ராத்திரி கடற்கரையில அவங்க உட்கார்ந்திருக்கும்போதே ஹெலிகாப்டர் விழுந்துடுச்சு, மினுக்கு மினுக்குன்னு விளக்கோட பாராசூட் காட்டுப் பக்கம் இறங்கிடுச்சு. சார்லி மேல அம்பு வர்றது அதுக்கு அப்புறம், தேடிப் போற வழியில. குதிச்சவ குதிச்சாச்சு. நடுவுல ஒரு அம்பு தப்பினதால ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற முகம் மாறாது.

இன்னொண்ணு. டெஸ்மண்டுக்கு வந்த துண்டுகள்ல அவன் முகத்தைப் பார்க்கவே இல்ல. பென்னின்னு அவனாவே நிரப்பிக்கிட்டான். மூணு வருஷம் பதுங்கு குழியில பட்டனை அமுக்கிட்டு இருந்தவன் வேற யாரை நினைப்பான்?

சனத்குமாரநதி

கால வரிசை சரிதான் சார். ஆனா அந்த மடத்துத் தலைவர் மேசையில ஒரு போட்டோ இருந்துச்சே, அவரும் ஒரு வயசான அம்மாவும். அதே அம்மாதான் எட்டாவது அத்தியாயத்துல மோதிரக் கடையில டெஸ்மண்டைத் தடுத்தாங்க. யாரோ இவனை இந்தத் தீவுக்கு ஒவ்வொரு அடியா நகர்த்திட்டு இருக்காங்க. நவோமியும் அந்த நகர்த்தல்ல ஒரு அடியா இருக்கலாம். இதை மட்டும் நான் விடமாட்டேன்.

தளி_ரோஜா

எல்லாரோட பதிவையும் படிச்சுட்டு இரண்டாவது சீசன் கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

தகடூரான் அண்ணா எடுத்த தடயங்கள் எல்லாமே உண்மை. போர்த்துகீசியம் பேசுறவங்க பென்னியோட ஆளுங்க. பென்னி தேடுறா. ஆனா "தேடுறது ஒருத்தர்தான்"னு நாம யாரும் கேட்காமலே முடிவு பண்ணிட்டோம். ரெண்டு பேர் தேடினா?

அதே அத்தியாயத்துல இன்னொரு காட்சி இருக்கு. டெஸ்மண்ட் ராணுவச் சிறையில இருந்து வெளியே வர்றான். வாசல்ல ஒரு பெரிய கார். உள்ள பென்னியோட அப்பா சார்ல்ஸ் விட்மோர். ரெண்டு பெட்டி கொடுக்கிறார். ஒண்ணுல பணம், என் பொண்ணை விட்டுப் போயிடுன்னு. இன்னொண்ணுல டெஸ்மண்ட் சிறையில இருந்து பென்னிக்கு எழுதின கடிதங்கள். ஒண்ணுகூட அவளுக்குப் போய்ச் சேரல. எல்லாத்தையும் அந்த ஆள் வழியிலயே வாங்கி வெச்சிருக்கார்.

இதை யோசிச்சுப் பாருங்க. மகளுக்கு வர்ற ஒவ்வொரு கடிதத்தையும் கைப்பத்தின மனுஷனுக்கு, மகள் வீட்டுல இருக்கிற ஒரு போட்டோவைக் கைப்பத்தறது பெரிய காரியமா? போட்டோ பென்னிகிட்ட இருந்து வந்திருக்கலாம். பென்னி கொடுத்தாங்கிறதுக்கு மட்டும் ஒரு ஆதாரமும் இல்ல.

விட்மோர்ங்கிற பேரைத் தொடர் எவ்வளவு நாளா நம்ம கண்ணுல காட்டிட்டே இருக்கு! பிழைச்சவங்கள்ல ஒருத்தியான சன் கர்ப்பமான்னு பார்த்த அந்தச் சோதனைப் பொருள் விட்மோர் லேப்ஸ் தயாரிப்பு. எட்டாவது அத்தியாயத்துல டெஸ்மண்ட் பெண் கேட்டுப் போறப்ப, ஒரு கிளாஸ் விஸ்கிக்குக்கூட நீ தகுதியில்லைன்னு முகத்துக்கு நேரா சொல்றார். இவ்வளவு கவனமா ஒரு மனுஷனைக் கட்டி எழுப்பிட்டு, காதலுக்குக் குறுக்கே நிக்கிற பணக்கார அப்பாவா மட்டும் அவரை விட்டுடுவாங்கன்னு எனக்குத் தோணல.

அதனால என் கட்சி: நவோமியை அனுப்பினது விட்மோர். பென்னியோட பேரைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார், ஏன்னா டெஸ்மண்டை அசைக்கக்கூடிய ஒரே பேர் அதுதான்.

தகடூரான்

ரோஜாம்மா, கடிதப் பெட்டியை யாருமே தொடல. நல்ல பிடி. ஆனா விட்மோருக்குத் தீவு இருக்கிற இடம் எப்படித் தெரியும்? மின்காந்தத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வெச்சு உட்கார்ந்திருந்தது பென்னியோட ஆளுங்க. அதுக்குப் பதில் சொல்லுங்க.

தளி_ரோஜா

பதினெட்டு வரைக்கும் அதுக்குத் தொடர்ல பதில் இல்லண்ணா. டெஸ்மண்ட் தொலைஞ்சது எந்தப் பந்தயத்துலன்னு மட்டும் யோசிங்க. உலகத்தைச் சுத்தி வர்ற அந்தப் படகுப் பந்தயமே விட்மோர் நடத்தினது. எந்தக் கடல்ல கடைசியா இருந்தான்னு அவருக்குத் தெரியாம இருக்காது.

அஞ்செட்டி_பெரியவர்

பிள்ளைகளே, என் பேரன் போட்டுக் காட்டித்தான் நான் பார்க்கிறேன். தியரி எல்லாம் நீங்க சொல்லுங்க. எனக்கு அந்தக் கடற்கரை ஜனங்க மேலதான் கோபம்.

எங்க அஞ்செட்டிப் பக்கம் மலைக் கிராமத்துக்குப் புதுசா ஒரு ஆள் நடந்து வந்தா, தண்ணி கொடுப்போம், உட்கார வெப்போம். உடனே எந்த ஊரு, யார் வீட்டுக்கு வந்தே, உன்னை அனுப்பினது யாருன்னு கேட்போம். பதில் வந்ததும் அந்த வீட்டு ஆளைக் கூட்டிட்டு வந்து நிறுத்துவோம். அவங்க சரின்னு சொன்னாத்தான் மேல பேச்சு.

இங்க அந்தப் பொண்ணு "விமானம் கிடைச்சுடுச்சு, எல்லாரும் செத்துட்டாங்க"ன்னு சொல்லுது. ஹர்லி மூஞ்சி செத்துப் போச்சு. ஆனா இந்தப் போட்டோவை உன் கையில கொடுத்தது யாரு, அவங்களை நேர்ல பார்த்தியா, எப்படி இருந்தாங்கன்னு ஒருத்தரும் கேட்கல. டெஸ்மண்டாவது கேட்டிருக்கணும். ஆசைப்பட்டவன் கேள்வி கேட்க மாட்டான்.

நைட்ஷிப்ட்_ஓசூர்

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு.

அந்த "எல்லாரும் செத்துட்டாங்க" வசனத்தைப் பத்தி யாரும் பேசலையே? இவங்க எல்லாரும் விபத்துலயே இறந்துட்டாங்க, தீவுங்கிறது சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவுல ஒரு இடம்னு ஒரு தியரி ஓடுது. நவோமி சொன்னது அதுக்குச் சாட்சி மாதிரி இல்ல?

பழைய_மாங்கனி

நான் 2007லயே பார்த்தவன். தகடூரான் போட்ட விதியை மதிச்சு, கதையைத் தொடாம அந்த நாளைப் பத்தி மட்டும் சொல்றேன்.

அந்தச் சொர்க்க நரகத் தியரி முதல் சீசன்லயே கிளம்பினது. தொடரை எழுதினவங்களே இல்லைன்னு பல தடவை மறுத்திருக்காங்க. நவோமி அந்த வசனம் பேசின அன்னைக்கு அது மறுபடி எழுந்து ஆடுச்சு. அமெரிக்காவுல பாராசூட் அத்தியாயம் ஒளிபரப்பானது 2007 ஏப்ரல் 18. அடுத்தது ஏப்ரல் 25. மே மாசத் தொடக்கத்துல ஏபிசி சேனல் ஒரு அறிவிப்பு விட்டுச்சு: இன்னும் 48 அத்தியாயங்கள், மூணு சீசன், 2010ல முடியும். அதுவரைக்கும் இந்தத் தொடர் எப்ப முடியும்னு யாருக்குமே தெரியாது. அறிவிப்பு வந்ததும் ரசிகர்கள் ரெண்டா பிரிஞ்சாங்க. 48 பாக்கி இருக்கு, அதனால நவோமி நிஜமா காப்பாத்த வந்தவளா இருக்கவே முடியாதுன்னு ஒரு கூட்டம். காப்பாத்திட்டாலும் கதை தொடரலாம்னு இன்னொரு கூட்டம்.

எனக்கு முதல் கூட்டத்தோட வாதம் பிடிக்கல. ஒளிபரப்பு அட்டவணையை வெச்சு ஒரு மனுஷியைப் பொய்க்காரின்னு சொல்றது தியரி ஆகாது. ரோஜா பண்ணின மாதிரி காட்சிக்குள்ள இருந்து எடுத்துட்டு வரணும்.

கேஆர்பி_டேம்

மாங்கனி சார், 2004 செப்டம்பர்ல இந்தத் தொடர் தொடங்கினப்ப நம்ம கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஏழெட்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அப்ப எனக்கு இப்படி ஒண்ணு ஓடுறதே தெரியாது. நீங்க வாரா வாரம் காத்திருந்து பார்த்தது கொடுத்து வெச்சது.

தகடூரான்

அறிவிப்பு: சீசன் கடைசி வரை எல்லாரும் பார்த்தாச்சு. இதுக்குக் கீழே மூன்றாவது சீசன் முழுக்கப் பேசலாம். பார்க்காதவங்க இங்கேயே நின்னுடுங்க.

சனத்குமாரநதி

அந்த உள்ளங்கை. "பென்னியோட கப்பல் இல்ல".

ரெண்டு நாளா வேற எதுவும் ஓடல. தண்ணிக்கடியில இருக்கிற நிலையத்துல சார்லி சிக்னல் தடையை நீக்கினதும் திரையில பென்னி முகமே வருது. நவோமி உங்க கப்பல்ல இருந்து வந்தவதானேன்னு கேட்கிறான். நவோமின்னா யாருன்னு அவ கேட்கிறா. மிகைல் வெளியே நின்னு கையெறி குண்டை வெடிக்க வைக்கிறான். தண்ணி ஏற ஏறக் கதவைச் சாத்திட்டு, கையில எழுதிக் கண்ணாடியில வெச்சுக் காட்டுறான். ஒரு தடவை அம்புல இருந்து காப்பாத்தினவனுக்கு அவன் திருப்பிக் கொடுத்தது அந்த மூணே வார்த்தை.

நைட்ஷிப்ட்_ஓசூர்

அழுதுட்டேன் நதி. ஹாஸ்டல்ல பக்கத்து பெட்காரன் எழுந்து என்னாச்சுன்னு கேட்டான்.

நவோமி பென் ஆள் இல்லைங்கிறது உறுதியாச்சு. பென்னே பிழைச்சவங்களோட தலைவன் ஜாக் கிட்ட, அவ தன்னைப் பத்திச் சொல்றது உண்மை இல்ல, அவ போன்ல கப்பலைக் கூப்பிட்டா தீவுல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்கன்னு கெஞ்சுறான். வாழ்க்கையில முதல் தடவையா பென் உண்மை பேசுறான், அன்னைக்குப் பார்த்து யாரும் நம்பல.

தகடூரான்

எனக்கு இந்தக் கடைசி அத்தியாயம் ஒரு பக்கம் நிறைவு. பென்னி நிஜமாவே தேடிட்டு இருந்தா. அந்தப் பனி நிலையம், போர்த்துகீசியம் எல்லாமே அவளோடதுதான், பொய் இல்ல. அவளோட தேடலைப் பார்த்து இன்னொருத்தர் நுழைஞ்சுட்டார்.

ஆனா நவோமி மேல லாக் கத்தி வீசினதை நான் ஏத்துக்கவே மாட்டேன். முதுகுல! அவ பொய் சொன்னாங்கிறதுக்கு அந்த நிமிஷம் லாக் கையில ஒரு ஆதாரமும் இல்ல. தீவை விட்டுப் போன சிறுவன் வால்ட் உருவம் வந்து வேலை இருக்குன்னு சொல்லுச்சாம். அதை நம்பி ஒரு உயிரை எடுக்கிறதா?

நர்சக்கா_தர்மபுரி

தகடூரான் சொல்றதோட நான் நிக்கிறேன். நுரையீரல் கிழிஞ்சு பிழைச்சவளை முதுகுல குத்திக் கொன்னாங்க. தீவு குணப்படுத்தினது இதுக்குத்தானா?

அஞ்செட்டி_பெரியவர்

லாக் செய்தது பாவம்தான் அம்மா. ஆனா அன்னைக்கு அந்தப் போன் போகலன்னா கப்பல்காரன் வந்திருக்க மாட்டான். கேட்க வேண்டிய நேரத்துல வாயால கேட்டிருந்தா கத்திக்கு வேலையே இல்ல.

தகடூரான்

அறிவிப்பு: இனி நான்காவது சீசன் முதல் ரெண்டு அத்தியாயங்களையும் சேர்த்துப் பேசலாம்.

பழைய_மாங்கனி

அப்பாடா. நாங்க 2007 மே 23க்கு அப்புறம் 2008 ஜனவரி 31 வரைக்கும் காத்திருந்தோம். நடுவுல எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேற, அந்த சீசனே 14 அத்தியாயமாச் சுருங்கிப் போச்சு. அந்த எட்டு மாசமும் எங்க வாக்குவாதம் முழுக்க நவோமிதான்.

கத்தி பட்டும் அவ சாகல, காட்டுக்குள்ள நகர்ந்து போய் மரத்து மேல ஏறி மறைஞ்சிருந்தா. பிழைச்சவங்கள்ல ஒருத்தியான கேட் கழுத்துல கத்தி வெச்சா. ஆனா கப்பலோட பேசும்போது, பாராசூட்ல இறங்கினப்ப கிளை குத்திடுச்சுன்னு சொன்னா. லாக்கைக் காட்டிக் கொடுக்கல. கடைசியா "என் தங்கச்சிகிட்ட நான் அவளை நேசிக்கிறேன்னு சொல்லுங்க"ன்னுட்டு உயிரை விட்டா. அந்தக் காட்சியைப் பார்த்து அவளை நல்லவன்னு நிறையப் பேர் மாத்தி எழுதினாங்க. அடுத்த வாரமே கப்பல்ல இருந்து மைல்ஸ் வந்து அதுக்குத் தண்ணி ஊத்தினான்.

நைட்ஷிப்ட்_ஓசூர்

ஆமா! தங்கச்சி பேச்சு ஒரு சங்கேதம், துப்பாக்கி முனையில இருக்கேன்னு அர்த்தம்னு சொன்னானே. சாகுற நேரத்துல அப்படி ஒரு நிதானமா?

தளி_ரோஜா

எனக்கு ரெண்டுமே உண்மையாத்தான் தெரியுது. சங்கேதம் சொல்லித் தன் கூட்டத்தை எச்சரிச்சா, அது அவ வேலை. கேட் கேட்டுக்கிட்டபடி, கப்பல்காரங்க தீவைக் கண்டுபிடிக்கிற மாதிரி போனைச் சரி பண்ணியும் கொடுத்தா. கொல்லணும்னு மட்டும் வந்தவளா இருந்தா லாக் பேரைத்தான் முதல்ல சொல்லியிருப்பா. அந்த ரெண்டாவது அத்தியாயத்துல, விபத்துல பிழைச்சவங்க இருந்தா என்ன செய்யறதுன்னு தன்னை வேலைக்கு எடுத்த அபடான் கிட்ட அவளே கேட்கிறா. பிழைச்சவங்க யாரும் இல்லைன்னு அவன் அடிச்சுச் சொல்றான். அவளுக்கும் பாதிக் கதைதான் சொல்லி அனுப்பியிருக்காங்க.

தகடூரான்

சரிம்மா, இப்ப ஒரு பெரிய முடிச்சு. மைல்ஸ் சட்டைப் பையில இருந்து எடுத்தது பென்னோட போட்டோ. வந்ததே பென்னுக்காக. அப்படின்னா நவோமி பையில மட்டும் எதுக்கு டெஸ்மண்ட் போட்டோ?

தளி_ரோஜா

முதல்ல குதிக்கிறவ மாட்டிக்கிட்டா சொல்றதுக்கு ஒரு கதை வேணும்ணா. பென்னைத் தேடி வந்தேன்னு சொன்னா தீவுல யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க. காதலி அனுப்பினான்னு சொன்னா எல்லாரும் திறப்பாங்க. டெஸ்மண்ட் இந்தக் கடல்லதான் தொலைஞ்சான்னு தெரிஞ்சவர், போட்டோ கைக்கு எட்டுற இடத்துல இருக்கிறவர், அந்தப் பேர் அவனை எவ்வளவு அசைக்கும்னு கடிதங்களைப் படிச்சே தெரிஞ்சுக்கிட்டவர் ஒருத்தர்தான். ரெண்டாவது அத்தியாயம் வரைக்கும் தொடர் அவர் பேரைச் சொல்லல. நான் விட்மோர்னே எழுதி வெக்கிறேன்.

சனத்குமாரநதி

அக்கா, மோதிரக் கடை அம்மாவையும் பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க.